பருந்து கூப்பிடாத ஒச்சம்மா

கண்மாய்க்கரைப் பூங்காவின் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு செம்பருந்து ஜோடி கூடு கட்டி, தை பிறந்த கையோடு ரெண்டு குஞ்சு பொரித்து, ஊரில் ஆள் மாற்றி ஆளாக எல்லாரையும் அந்தக் கூட்டுக்குக் காவல் உட்காரக் கூப்பிட்ட வருஷத்தில், கூப்பிடப்படாமல் மிச்சமாக நின்றவள் பாத்திரக்கடை ஒச்சம்மா ஒருத்திதான். அதைச் சொன்னால் இன்றைக்கும் அவள் கையில் தட்டு இருந்தால் தட்டும் கரண்டி இருந்தால் கரண்டியும் பறந்து வரும், ஆகவே அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

முதலில் பருந்து கூப்பிட்டது பரோட்டா மாஸ்டர் இருளப்பனை. காலையில் ஏழாவது ரவுண்டு நடந்துகொண்டிருந்தவர் முன்னால், செங்கல் நிற முதுகும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைத் தலையுமாகத் தாய்ப்பருந்து வந்து இறங்கி, நாலடி நடந்து, தலையைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தது. மாஸ்டரும் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் உடம்பு கனம் இழந்து, செருப்பு ரெண்டும் தரையில் தங்கிவிட, கிணற்றிலிருந்து நிதானமாக இறைக்கிற வாளி போல மாஸ்டர் மேலே போனார், கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தார், பருந்துகள் கண்மாய்ப் பக்கம் இரை தேடிப் போன ஒரு மணி நேரமும் கிட்டே வந்த காக்காய்களைத் தோள் துண்டால் விசிறி விரட்டினார், தாய்ப்பருந்து கெண்டை மீனோடு திரும்பியதும் அதே நிதானத்தில் இறங்கி வந்து, "யார்றா என் செருப்பை நகட்டி வச்சது?" என்றார்.

எப்படி என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. மேலே வெயில் அடிக்கிறதா, குஞ்சு கடிக்குமா, எச்சம் பட்டால் சட்டையில் கறை போகுமா என்றுதான் கேட்டார்கள். ஒரே வாரத்தில் வாட்ச்மேன் அய்யணன் மரத்தடியில் செருப்புக்கு டோக்கன் போட ஆரம்பித்தான். நடைப்பயிற்சி சங்கம் கூடி, சுகர் மாத்திரை போடுகிறவர்கள் மேலே போகும்போது பையில் ரெண்டு மிட்டாய் வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெண்கள் சேலைக் கொசுவத்துக்கு மூன்று ஊக்கு குத்திக்கொண்டு வாக்கிங் வந்தார்கள். மேனேஜர் கூட்டில் உட்கார்ந்திருந்த ஒரு நாள் பேங்க் பதினோரு மணிக்குத் திறந்தது, வாசலில் நின்ற ஜனம் முணுமுணுக்காமல் காத்திருந்தது. பள்ளிக்கூடத்தில், "மேலே போக வேண்டியிருந்தபடியால்" என்று எழுதின லீவு லெட்டரை டீச்சர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்யாணத் தரகர்கள், "பையன் கூடு ஏறினவரு" என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் சொன்னார்கள். மேலே போய் வந்தவர்களுக்கு டீக்கடையில் முதல் கிளாஸ். ரேஷன் கடையில் முன்னால் இடம். கடைத்தெரு முழுக்க, "கூடு கண்ட கொற்றவனே" என்று ஆளுயர ஃபிளக்ஸ். சாமி கும்பிடுகிறவர் கும்பிடாதவர், கறி தின்கிறவர் தின்னாதவர், குப்பை கூட்டுகிறவள், டிராஃபிக் போலீஸ், மதில் ஓரம் அவசரத்துக்கு ஒதுங்கின வெளியூர் லாரி டிரைவர் வரைக்கும் பருந்து கூப்பிட்டது. ஒச்சம்மாவைக் கூப்பிடவில்லை.

ஒச்சம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை. கட்டினவன் அவளைக் கைக்குழந்தையோடு விட்டுப் போன மறு வாரமே தலையில் பாத்திரக் கூடையைத் தூக்கி, "பழைய துணிக்குப் பாத்திரம்! பழைய துணிக்குப் பாத்திரம்!" என்று தெருத்தெருவாகக் கத்தி, மூன்றாவது மாடியில் படுத்திருப்பவளையும் அந்தக் கத்தலாலேயே எழுப்பிக் கீழே இறக்கி, ஒரு சின்னத் தூக்குவாளிக்கு மூன்று சேலையும் ஒரு பேண்டும் வாங்காமல் நகராதவள், வாங்கினதுக்கு மேல் கொசுறாக ஒரு போர்வையையும் உருவிக்கொண்டு போவாள், கொசுறு எப்போதும் சரக்கைவிடப் பெரிதாக இருக்கும். இன்றைக்குக் கடைத்தெருவில் ரெண்டு ஷட்டர் வைத்த கடைக்கு முதலாளி. தெருவில் அடிபட்டு அவள் கற்றது ரெண்டே ரெண்டு பாடம். ஒன்று, வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது: ஜரிகைச் சேலை வேண்டுமென்றால் கண்ணைக் கிழிந்த பனியன் மேல் வைக்க வேண்டும், ஆசை தெரிந்தால் எதிராளி ஏறி உட்கார்ந்துகொள்வாள். ரெண்டு, பேரம் படியாவிட்டால் கூடையைத் தூக்கி நடந்துவிட வேண்டும்: ஒரு வீடு, ரெண்டு வீடு, மூன்று வீடு, நாலாவது வீட்டைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து, "ஏம்மா பாத்திரம், இங்க வா" என்று குரல் வரும். தெருவில் நடந்த பதினைந்து வருஷத்தில் அந்தக் குரல் வராமல் போனதில்லை.

அவள் அப்படி நடந்த காலத்தில் குழந்தை பாண்டிமீனாவை வைத்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி. ரெண்டும் ஆண் பிள்ளைகளாகப் பெற்றவள், முகம் சுளிக்கத் தெரியாதவள். தூளி கட்ட ஒச்சம்மா தன் பச்சைச் சேலை ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுக் காலையில் போனால், பொழுது சாய வந்து தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். தூங்குகிற மீனாவைத்தான் ஒச்சம்மாவுக்குத் தெரியும். முழித்திருந்த மீனாவை ஜெயக்கொடிக்குத்தான் தெரியும். வளர்ந்த பிறகு மீனா இவளை அம்மா என்றும் அவளை அத்தை என்றும் முறையாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் கால் தடுக்கினால், கையில் சூடு பட்டால், ஊரில் எல்லாப் பிள்ளையும் "அம்மா" என்று கத்துகிற இடத்தில் அவள் "அத்தே" என்று கத்துவாள். ஒவ்வொரு தடவையும் ஒச்சம்மாவின் வயிற்றுக்குள் யாரோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள்.

அந்தத் தை மாதம்தான் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மீனா போன் பண்ணினாள். தலைப்பிரசவம். பங்குனியில் வரவேண்டும்.

"எங்கம்மா வரட்டும்? உன் வீட்டுக்கா, அத்தை வீட்டுக்கா?"

இப்படி ஒரு கேள்வியை எந்தத் தாயும் கேட்கக் கூடாது. தன் வீட்டுக்கு வா என்று சொல்லத்தான் ஒச்சம்மாவுக்கு ஆசை. கண் மட்டும் பழக்கத்தில் கடை மூலையில் நெளிந்து கிடந்த ஓர் அலுமினியச் சட்டி மேல் போய் உட்கார்ந்தது.

"உனக்கு எங்க தோதுப்படுதோ அங்க இரு. எனக்குக் கடை இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வைத்துவிட்டு, கூடை இல்லாமலே நடந்தாள்: ஒரு நாள், ரெண்டு நாள், மூன்று நாள். நாலாவது நாளும் போன் வரவில்லை. ஐந்தாவது நாள் காலையில் பார்த்தால் பக்கத்து வீட்டில் ஜெயக்கொடி உள்ரூமுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுண்ணாம்புக் கறை முழங்கையிலிருந்து போகுமுன்னே பூங்காவுக்கு வந்த ஜெயக்கொடியை மறுநாள் பருந்து கூப்பிட்டது. ஒச்சம்மா அதே பெஞ்சில், அவளுக்கு ரெண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த உடம்பு எழுந்து மேலே போவதை, ரெண்டு ரப்பர் செருப்பு மட்டும் மிச்சம் கிடப்பதை, இறங்கி வந்தபோது நரைத்த கொண்டையில் ஒரு வெள்ளை இறகுத் தூவி ஒட்டியிருப்பதை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல என்னடி இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல மதினி. நல்ல காத்து. குஞ்சு ரெண்டும் என் மடியில வந்து தூங்கிருச்சுக."

"தூங்கிருச்சா?"

"கொட்டாவி விடுதுக மதினி! இத்தினிக்கூண்டு வாயை வச்சுக்கிட்டு. சிரிப்பாணியா இருந்துச்சு."

"உன் மடியில எதுதான் தூங்கல" என்றாள் ஒச்சம்மா. ஜெயக்கொடி அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே அவளைக் கண்மாயில் தள்ளலாம் போலிருந்தது.

அதோடு விட்டதா என்றால், இல்லை. மாசி மாதத்தில் இன்னும் ரெண்டு தடவை ஜெயக்கொடியையே கூப்பிட்டது. ஆக மூன்று. ஊரிலேயே மூன்று தடவை போனவள் அவள் ஒருத்திதான் என்று அவள் பையன்கள் ஃபிளக்ஸ் அடித்து, வேறு இடமே கிடைக்காத மாதிரி ஒச்சம்மா கடைக்கு நேர் எதிரே கட்டினார்கள். கல்லாவில் உட்கார்ந்தால் முகத்துக்கு முகம். ஒச்சம்மா கல்லாவைத் திருப்பிப் போட்டாள். எதிர்ச் சுவரில் அடுக்கியிருந்த அத்தனை எவர்சில்வர் குடத்திலும் ஜெயக்கொடி சிரித்தாள். பெரிய குடத்தில் அகலமாக, சின்னக் குடத்தில் ஒல்லியாக, டம்ளரில் தலைகீழாக.

வியாபாரத்தில் விட்டதை வியாபாரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று, ஒச்சம்மா மார்க்கெட்டில் துடிக்கத் துடிக்க விரால் வாங்கி, கடைப் பேர் வெட்டின தாம்பாளத்தில் வைத்து மரத்தடிக்குக் கொண்டுபோனாள். காக்காய் தின்றது. கோழி ஈரல் கொண்டுபோனாள். நாய் தின்றது, தாம்பாளத்தையும் நக்கியது. மூன்றாவது நாள் வெறுங்கையோடு போய், இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து, "ஏன்டி, எனக்கு என்ன குறைச்சல்? இவளுக பெத்த மாதிரி நான் பெறலையா? நான் மட்டும் தவிட்டுக்கு வாங்கினதா?" என்று பருந்தோடு சண்டை போட்டாள். நடந்துகொண்டிருந்தவர்கள் ரவுண்டை நிறுத்திவிட்டு, சண்டை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து நடந்தார்கள்.

அய்யணன்தான் டோக்கன் வளையத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே வந்தான்.

"யக்கா, சொன்னா அடிக்க மாட்டீகளே?"

"சொல்லித் தொலை."

"உங்களையும் அது கூப்பிட்டுச்சு. நான் பார்க்கவே நாலு தடவை உங்க முன்னால வந்து நின்னுச்சு. அது இறங்குனா உங்க கண்ணு நேரா ஐஸ் வண்டிக்குப் போயிருது. அது உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்குது, நீங்க குச்சி ஐஸையே பார்த்துக்கிட்டு இருக்கீக. அது எம்புட்டு நேரம்தான் நிக்கும்? அடுத்த ஆள்ட்டப் போயிருது."

"பார்த்தா ரேட்டை ஏத்திருமுல்லடா."

"எதுக்கு ரேட்டு?"

ஒச்சம்மா அவன் கையிலிருந்த டோக்கன் வளையத்தைப் பிடுங்கி எறிந்தாள். அன்றைக்கு இறங்கினவர்கள் எல்லாம் மாற்றுச் செருப்போடு வீட்டுக்குப் போனார்கள்.

பங்குனி வந்தது. ஒரு குஞ்சு பறந்து போய்விட்டது. இன்னொன்று, காவலுக்கு ஆள் தேவைப்படாத வளர்ச்சி வளர்ந்து, கூட்டு விளிம்பில் இறக்கையை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்கும் சலித்துவிட்டது, ஃபிளக்ஸ்கள் மாட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போய்விட்டன, ஜெயக்கொடியுடையது தவிர. மீனா வருகிற நாள் காலையில், கையில் வளையல் குலுங்க ஜெயக்கொடி வேலி ஓரம் வந்து நின்றாள்.

"மதினி, மீனா எட்டு மணி பஸ்ல வாரா. ஆட்டோ சொல்லியிருக்கேன். ஸ்டாண்டுக்கு வாரீகளா?"

"எனக்குக் கடை இருக்கு."

சொல்லிவிட்டு ஒச்சம்மா கடைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்கள் தெருவுக்கு வருகிற எந்த வண்டியும் பூங்கா வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். பூங்காவில் போய் உட்கார்ந்தாள். ஐஸ் வண்டிக்காரனே இன்னும் முழுசாகத் திரை விலக்கியிருக்கவில்லை, பருந்து வந்து இறங்கியது. சும்மா ஒரு பேச்சுக்கு வந்த மாதிரி, கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்த மாதிரி.

ஒச்சம்மாவின் கண் ஐஸ் வண்டிக்குப் போனது. போன கண்ணை, முரண்டு பிடிக்கிற மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி, இழுத்து, பல்லைக் கடித்து, திருப்பினாள். பருந்தின் கண் பலாக்கொட்டை நிறத்தில் இருந்தது. அதற்குள் பாத்திரக்கடை ஒச்சம்மா, சின்னதாக, ஆசையோடு, வெட்கமில்லாமல் நின்றாள்.

செருப்பு தரையில் தங்கிவிட்டது.

மேலே ஊர் சொன்ன மாதிரி ஒன்றுமில்லை. மீன் நாற்றம் குடலைப் பிடுங்கியது. முள்ளும் செதிலும் எலி வாலும் காலில் குத்தின. குஞ்சு என்று பேர், கோழியைவிடப் பெரிதாகத் தவிட்டு நிறத்தில் நின்றுகொண்டு, வா என்றுகூடச் சொல்லாமல் அவள் வளையலைக் கொத்தியது. "எல்லாருக்கும் பஞ்சு மாதிரி குஞ்சு. எனக்குன்னா கட்டிக்கொடுக்குற வயசுல ஒண்ணு" என்று ஒச்சம்மா புலம்பினாள். கையை ஊன்ற இடம் தேடினபோதுதான் கூட்டுக்குள் பருந்து பரப்பி வைத்திருந்த துணிக் கந்தல்கள் தட்டுப்பட்டன. பழைய துணியைத் தொட்டால் அவளுக்கு விரலே கணக்குப் போடும்: இது கைலி, தேறாது, இது சாக்கு, இது கிழிந்த பனியன். அடுத்தது ஒரு முழம் பச்சை. வெளுத்து வெளுத்துத் தாமரை இலையின் அடிப்பக்கம் மாதிரி ஆகியிருந்தது. கரையில் மாங்காய்.

அவள் சேலை. தூளி கட்டக் கொடுத்த சேலை.

நேற்று ஜெயக்கொடி வீட்டுக் கொடியில் பச்சையாக ஏதோ காய்ந்ததை வேலி வழியாக ஒச்சம்மா பார்த்திருந்தாள், அதன் முனையைப் பருந்து கிழித்து வந்திருக்கிறது. வரப்போகிற பிள்ளைக்குத் தூளி கட்டுவதற்காக ஜெயக்கொடி துவைத்திருக்கிறாள். பதினைந்து வருஷம் அந்தத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒச்சம்மா பழைய துணி கேட்டிருக்கிறாள், ஜெயக்கொடி வாசலில் அதிகமாகவே கேட்டிருக்கிறாள். அவளும் பையன்களின் டவுசரைக் கூடையில் போட்டிருக்கிறாள், புருஷன் வேட்டியைப் போட்டிருக்கிறாள், கூரைச் சேலையைக்கூட ஒரு குத்துப்போணிப் பாத்திரத்துக்குப் போட்டாள் அந்தக் கிறுக்கி. இதைப் போட்டதில்லை.

கந்தலை விரலில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கீழே ஆட்டோ வந்தது. மேலிருந்து எல்லாம் தெரிந்தது: வாசலில் வேகத்தடையில் ஆட்டோ மெதுவாவது, உள்ளே ஜெயக்கொடியின் தோளில் சாய்ந்திருக்கிற தலை, இன்னும் தள்ளி அந்தத் தெரு, தெருவில் ஒட்டின ரெண்டு வாசல், ஒன்றில் மாக்கோலம், ஒன்றில் பூட்டு. இன்னும் நாலு வீடு தூரம் போனால் ஆட்டோ வளைவில் திரும்பிவிடும்.

முதல் வீடு தாண்டியது. ரெண்டாவது தாண்டியது.

"பாண்டிமீனா!"

மூன்றாம் மாடியை எழுப்பின அந்தக் குரல் பத்து வருஷமாக ஷட்டருக்குள் கிடந்தது. வெளியே வந்தபோது தூங்குமூஞ்சி மரத்து இலையெல்லாம் ஒருதரம் மூடித் திறந்தது. பூங்காவில் ரவுண்டு நின்றது. ஆட்டோ நின்றது. இறங்கி, இடுப்பில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையுமாக மரத்தடி வரைக்கும் வந்து மீனா அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா! அங்க என்ன பண்ற?"

"கூப்பிட்டுச்சு, ஏறிட்டேன். நீ என் வீட்டுக்கு வா."

"நீதான தோதுப்பட்ட இடத்துல இருன்ன?"

"அது பேரத்துக்குச் சொன்னதுடி! நீ திருப்பிக் கூப்பிடுவேன்னு நாலு நாளு பார்த்தேன்."

"நானும் நீ கூப்பிடுவேன்னு நாலு நாளு போனைக் கையிலயே வச்சிருந்தேன். யாரு மகள்னு நெனச்ச?"

கீழே யாரோ சிரித்தார்கள். வேறு நேரமாக இருந்தால் ஒச்சம்மா இந்த இடத்தில்தான் கூடையைத் தூக்கியிருப்பாள். ஆனால் நடக்க அங்கே இடமில்லை. ஒரு அடி எடுத்து வைத்தால் காற்று. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் நடக்கிற இடத்தை விட்டுப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வேணும்டி எனக்கு" என்றாள். நூறு பேர் கேட்டார்கள். "நீ வேணும். பிள்ளை என் வீட்டுல வளரணும். முழிச்சிருக்கிற பிள்ளையை நான் பாக்கணும்."

மீனாவின் கண் ஐஸ் வண்டிப் பக்கம் போனதை ஒச்சம்மா மேலிருந்து பார்த்தாள். போய், திரும்பி வந்ததையும் பார்த்தாள்.

"சரி, வாரேன். ஆனா அத்தையும் வருவாக. அவுக இல்லாம எனக்குக் கை கால் ஓடாது. நான் இங்க இருக்கிற மூணு மாசமும் எங்கூடவே இருப்பாக. சம்மதம்னா சொல்லு, இல்லேன்னா ஆட்டோ நிக்குது."

"அடியே, நான் எதுக்குடி நடுவுல?" என்று ஜெயக்கொடி பதறினாள்.

பகலில் மட்டும் இருக்கட்டும். சோறு ஆக்க மட்டும் வரட்டும். முதல் மாசம் மட்டும். குளிப்பாட்ட மட்டும் என்று ஒச்சம்மாவின் நாக்கில் எதிர்விலைகள் வரிசை கட்டி நின்றன. விரலில் பச்சைக் கந்தல் இறுகியிருந்தது.

"சரி" என்றாள்.

சொன்ன விலைக்கே. கடைத்தெருவில் இதைச் சத்தியம் பண்ணிச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அவளுக்கே பொறுக்கவில்லை. "கொசுறா ஒண்ணு கேப்பேன்" என்றாள்.

"என்ன?"

"நான் இறங்குற மட்டும் அங்கனயே இரு. நடந்துறாத."

மீனா தலையை ஆட்டிவிட்டு மரத்தடிப் பெஞ்சில் உட்காரப் போனாள், பாதி குனிந்தபோது இடுப்பில் ஏதோ சுரீரென்று பிடிக்க, "அத்தே!" என்று கத்தினாள். ஜெயக்கொடி ஓடிப் பிடித்தாள். மேலே ஒச்சம்மாவின் வயிற்றில் வழக்கம்போல ஈயம் இறங்கியது. கொஞ்சமும் ஆறாமல், அதே சூட்டில்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நின்ற குஞ்சு விளிம்புக்கு நடந்து, இறக்கையை விரித்து, அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்து, கண்மாய்ப் பக்கம் பறந்து போய்விட்டது. ஊர் கை தட்டியது. தட்டி முடித்த பிறகுதான் அய்யணனுக்கு உறைத்தது: கூட்டில் காக்க ஒன்றும் இல்லை, ஆகவே தாய்ப்பருந்து திரும்பி வராது, அது வராமல் யாரும் இறங்கினதில்லை. ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. ஜெயக்கொடி வீட்டுக்குப் போய் இட்லி கொண்டுவந்து மீனாவுக்கு ஊட்டினாள். நடைப்பயிற்சி சங்கத் தலைவர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணினார். மீனா பெஞ்சை விட்டு அசையவில்லை. தின்னும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் கழுத்து வலிக்க வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நேரம், அத்தனை முழிப்பாக, அந்த முகத்தை ஒச்சம்மா பார்த்ததே இல்லை.

பதினோரு மணிக்கு வண்டி வந்து ஏணியை நிமிர்த்தியது. ஒரு வீரர் வேர்க்க விறுவிறுக்கப் பாதி தூரம் ஏறி, "பயப்படாதீங்கம்மா, இந்தா வந்துட்டேன்" என்றார்.

"மெதுவா வாங்கண்ணே" என்றாள் ஒச்சம்மா, அவர் பக்கம் திரும்பாமலே. "ஒண்ணும் அவசரமில்ல."